மேம்பாட்டுக்கு வாய்ப்புள்ள பாதம்

சொற்குளிப்பாட்டி என்றொரு இனம் நம்மிடையே பெருகி வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வந்து விழுமுன்னரே, பிறந்த பிள்ளையை மருத்துவிச்சி வாங்குவதுபோல இரண்டு கையாலும் அதை ஏந்தி, கழுவி, துடைத்து, பவுடர் பூசி, "இப்பிடிச் சொன்னால் இன்னும் மரியாதையாய் இருக்கும்" என்று உங்களிடமே திருப்பித் தருகிறவர் இவர். நீங்கள் சொல்ல வந்த விஷயம் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? அதை அவர் கேட்கவேயில்லையே.

இந்த இனம் எங்கும் வளரும். ஆனால் மருத்துவ ஆய்வு நடக்கிற இடத்தில் கிடைக்கும் செழிப்பு வேறெங்கும் கிடையாது. காரணம் எளிது. ஆய்வுக் கட்டுரை யாரைப் பற்றி எழுதப்படுகிறதோ அவர் அதை ஒருநாளும் வாசிக்கப் போவதில்லை. வாசிக்காத ஒருவருக்கு எழுத்தில் எவ்வளவு மரியாதையும் கொடுக்கலாம். கை நோகாது.

யாழ்ப்பாணத்தில் இந்த இனத்துக்கு ஒரு நல்ல உதாரணம் டொக்டர் அருட்பிரகாசம். ஐம்பத்து மூன்று வயது, தும்பைப்பூ நிறச் சேட்டு, மெல்லிய குரல். சலரோகத்தால், அதாவது நீரிழிவால், வலிகாமத்துத் தோட்டக்காரரின் கால்கள் என்ன பாடு படுகின்றன என்று ஆராய்கிற ஒரு சிறிய குழுவுக்குத் தலைவர். கெட்ட மனிதர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மாணவனாக இருந்த காலத்தில் ஒருநாள், பெரிய டொக்டர் ஒருவர் ஆசுப்பத்திரி வாட்டு வாசலில் நின்றபடி "பன்னிரண்டாம் கட்டில் காலைப் பாத்தாச்சோ?" என்று உரக்கக் கேட்டாராம். அந்தக் கட்டிலில் கிடந்த அம்மா, தன்னைக் கூப்பிடவில்லை, தன் காலைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று விளங்கி, போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாராம். அந்தக் காட்சி அருட்பிரகாசத்தின் நெஞ்சில் தைத்தது. ஆளை ஆளாகச் சொல்ல வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தார். நல்ல முடிவு. யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு அவர் கொழும்பில் மூன்று நாள் பயிற்சிச் செயலமர்வு ஒன்றுக்குப் போய் வந்தார். வந்ததிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை.

அறுபத்துநான்கு சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று அவருடைய அலுவலகச் சுவரில் ஏறியது. இடப் பக்கம் தள்ளிவைக்க வேண்டியவை, வலப் பக்கம் தழுவிக்கொள்ள வேண்டியவை. நோயாளி என்பது இடப் பக்கம். 'நீரிழிவுடன் வாழும் நபர்' வலப் பக்கம். ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டவர் இடப் பக்கம். 'பங்குபற்றுநர்' வலப் பக்கம். நோய்வாய்ப்பட்டவரை எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் 'வருத்தக்காரர்' என்ற சொல் இடப் பக்கத்தில் சிவப்பு மையால் மூன்று தரம் வெட்டப்பட்டிருந்தது. மருந்து எடுக்கத் தவறியவர் என்று ஒருவரைச் சொல்லவே கூடாது. அவர் 'மருந்துடனான பயணத்தில் இடைவெளி கொண்டவர்'.

சிரிக்காதீர்கள். பட்டியலில் பாதிக்கு மேல் நியாயம் இருந்தது. ஒரு பெண்ணின் அட்டையில் 'மருந்து எடுக்கத் தவறியவர்' என்று எழுதியிருந்ததை அவர் கண்டு விசாரித்தபோது, அந்த இரண்டு மாதமும் அவள் போன கிளினிக்கில் மருந்தே இருக்கவில்லை என்று தெரியவந்தது. அந்த வரியைத் தன் கையாலேயே வெட்டினார். அன்றைக்கு அவர் செய்தது புண்ணியம். அதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி நான் ஏன் எழுதப் போகிறேன்?

நிற்கவில்லை. வட்டுக்கோட்டையில் ஒரு செத்தவீட்டுக்குப் போனார். "பாவம், மனுசன் எட்டு வருசமாய்க் கான்சர் நோயாளி" என்று பக்கத்துக் கதிரையில் இருந்தவர் பெருமூச்சு விட்டார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. புற்றுநோயுடன் வாழ்பவர் எண்டு சொல்லுங்கோ."

கதிரைக்காரர் பிரேதப் பெட்டியைப் பார்த்தார். டொக்டரைப் பார்த்தார். "எங்கை டொக்டர் வாழுறார்?"

இப்படிப்பட்டவரின் குழுவில் கள வேலை செய்ய வந்து சேர்ந்தவள் சிவகௌரி. பண்டத்தரிப்புக்காரி, தாதியாகப் பயிற்சி பெற்றவள், ஸ்கூட்டியில் ஒழுங்கையெல்லாம் ஓடித் திரிந்து, வயது போனவர்களை ஐயா என்றும் அம்மா என்றும் கூப்பிட்டு, குந்தியிருந்து அவர்களின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்க்கிறவள். மரியாதை பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது டொக்டரின் அபிப்பிராயம்.

ஐப்பசி மாதம் சண்டிலிப்பாயில் ஒரு சனசமூக நிலையத்தில் பரிசோதனை நடந்தது. வெறுவயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் விடியற்காலையிலேயே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து வெயிலில் வரிசையாக நின்றார்கள். கதிரைகள் ஆறு இருந்தன. ஆறிலும் ஆய்வுக் குழு இருந்தது. டொக்டர் எழுந்து, 'பங்குபற்றுநரின் கண்ணியம்' என்னும் பொருளில் இருபத்தைந்து நிமிடம் பேசினார். "நீங்கள் எங்களுக்குச் சமமான பங்காளர்" என்று அவர் சொன்ன இடத்தில் சமமான பங்காளர் ஒருவர் தலைசுற்றி நிலத்தில் குந்திவிட்டார். சிவகௌரி ஓடிப்போய் அந்த அம்மாவைத் தூக்கித் தன்னுடைய கதிரையில் இருத்தி, முதலாவதாக இரத்தத்தை எடுத்துவிட்டு, வாயில் ஒரு துண்டுப் பாணை வைத்தாள். டொக்டர் உரையை முடித்த பிறகுதான் கீழே பார்த்தார்.

வரிசையில் மார்க்கண்டர் என்ற தோட்டக்காரர் நின்றார். அறுபத்தொரு வயது, எட்டுப் பரப்புக் காணியில் வெங்காயமும் கொஞ்சம் புகையிலையும். படிவத்தைப் பார்த்து ஒருவர் "அடுத்த நபர்" என்று கூப்பிட, மார்க்கண்டர் அசையவில்லை.

"உங்களைத்தான் கூப்பிடினம், ஐயா" என்றாள் சிவகௌரி.

"நபரோ? ரேடியோவிலை பொலிசு தேடுற ஆக்களையெல்லே பிள்ளை நபர் எண்டு சொல்லுறவை. நான் ஆரின்ரை கோழியைப் பிடிச்சனான்?"

சிவகௌரி சிரித்துக்கொண்டே அவருடைய காலைத் தன் மடிக்கு எடுத்தாள். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையை உள்ளங்காலில் பத்து இடத்தில் ஊன்றிப் பார்க்க வேண்டும். "கண்ணை மூடுங்கோ. கால்லை படுறது தெரிஞ்சால் ஓம் எண்டு சொல்லுங்கோ." மார்க்கண்டர் கண்ணை மூடினார். ஒருமுறை ஓம் என்றார். சிறிது நேரம் கழித்து இன்னொருமுறை ஓம் என்றார். பிறகு பொறுமையாக இருந்தார். வலது கால் முடிந்தது, இடது காலும் முடிந்தது. சிவகௌரி இழையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

கண்ணைத் திறக்காமலே அவர் கேட்டார்: "இன்னும் துவங்கேல்லையோ, பிள்ளை?"

சிவகௌரி அவருடைய காலை மெதுவாக நிலத்தில் இறக்கி வைத்தாள். சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாது. முடிவுகளை யாரும் வாயால் சொல்லக் கூடாது, பொருத்தமில்லாத சொல் பட்டு மனம் காயப்படும், அங்கீகரிக்கப்பட்ட மொழியில் கடிதமாகத்தான் போக வேண்டும் என்பது டொக்டரின் கண்டிப்பான விதி. "முடிஞ்சுது ஐயா. டொக்டரின்ரை கடுதாசி வரும். அதுவரைக்கும் செருப்பில்லாமல் திரியாதேங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

"தோட்டத்துக்கை ஆர் பிள்ளை செருப்போடை இறங்கினது?" என்று மார்க்கண்டர் எழுந்து போனார்.

முப்பத்தொன்பது பேரின் கால்கள் அப்படி இருந்தன. அன்று பின்னேரமே சிவகௌரி ஒரு கடிதம் எழுதி டொக்டரின் மேசையில் வைத்தாள். *உங்கள் காலில் உணர்வு குறைந்துவிட்டது. கால் ஆபத்தில் இருக்கிறது. உடனே கிளினிக்குக்கு வாருங்கள்.* மூன்று வரி.

மூன்று வரிக்கும் மூன்று கூட்டம் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் மதுரா அகராதியோடு வந்து உட்கார்ந்தார்.

"ஆபத்து எண்ட சொல் பயப்படுத்தும்" என்றார் டொக்டர். ஆபத்து போயிற்று. "குறைந்துவிட்டது எண்டால் அவரிலை குறை சொல்லுற மாதிரி." அதுவும் போயிற்று. "உடனே எண்டது கட்டளை. அவருடைய சுயாதீனத்திலை நாங்கள் தலையிடக் கூடாது."

"அவருக்கு வாசிச்சால் விளங்க வேணுமே, டொக்டர்" என்றாள் சிவகௌரி.

"விளங்கிறதுக்கு முதல் அவர் தன்னை மதிக்கினம் எண்டு உணர வேணும், தங்கச்சி."

'பாதம்' என்பதா 'கால்' என்பதா என்று ஒரு கூட்டம் முழுவதும் போனது. பாதம் வென்றது. அதில் ஒரு தெய்வீகம் இருக்கிறது என்று மதுரா சொன்னார். கடைசியில் மார்கழி முடிவில், பரிசோதனை நடந்து பத்து வாரத்துக்குப் பிறகு, தடித்த தாளில் கடிதம் போனது:

*மதிப்பார்ந்த பங்குபற்றுநர் அவர்களே, எமது ஆய்வுப் பயணத்தில் தாங்கள் இணைந்துகொண்டமைக்கு நன்றி. தங்கள் பாதங்களின் உணர்வுத்திறன், மேம்பாட்டுக்கு வாய்ப்புள்ள நிலையில் காணப்படுவதை மகிழ்வுடன் அறியத்தருகிறோம். தங்களுக்கு வசதியான ஒரு தருணத்தில், மேலதிகக் கலந்துரையாடலுக்காக எம்மை அணுகத் தாங்கள் விரும்பக்கூடும்.*

டொக்டர் அதை இரண்டு முறை வாசித்தார். கண் கலங்கியது. இப்படியொரு கடிதம் தன் வாழ்நாளில் யாருக்கும் கிடைத்ததில்லை என்று நினைத்தார். அதில் பிழையில்லை.

சண்டிலிப்பாயில் மார்க்கண்டரின் மனைவி அருந்ததி அதை உரக்க வாசித்தார்.

"என்னவாம்?" என்றார் மார்க்கண்டர்.

"உங்கடை பாதத்துக்கு வாய்ப்பு இருக்காம். மகிழ்வுடன் எண்டும் போட்டிருக்கினம்."

"வேறை?"

"விரும்பினால் வந்து கதைக்கட்டாம்."

"வெங்காயத்துக்குத் தண்ணி மாறுற நேரத்திலை ஆருக்குக் கதை?" என்றார் அவர். ஆனாலும் முகம் மலர்ந்துதான் இருந்தது. பரிசோதனைக்கு வந்த எல்லோருக்கும் இப்படி நீளக் கடிதம் வரவில்லை. நல்ல காலுள்ள பக்கத்துத் தோட்டக்காரருக்கு வந்தது ஒரேயொரு வரி: எல்லாம் வழமை. அவருக்கு அது பெரிய மனக்குறை. "உமக்கு மதிப்பார்ந்த எண்டு போட்டிருக்கினம், எனக்குப் போடேல்லை" என்று இரண்டு நாள் முகம் கொடுக்காமல் திரிந்தார்.

தை மாதம் நடுவில் ஒருநாள் காலை, மார்க்கண்டர் வெறுங்காலோடு வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினார். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, விறாந்தையால் நடந்து குசினிக்குள் போய்த் தேத்தண்ணி கேட்டார்.

அருந்ததி வாசலைப் பார்த்தார். சீமெந்து நிலத்தில் அடிக்கு அடி சிவப்பாக ஒரு கோடு வந்திருந்தது.

"இஞ்சருங்கோ! ஆரின்ரை கால் இது வெட்டினது?"

மார்க்கண்டர் குனிந்து அருந்ததியின் காலைத்தான் முதலில் பார்த்தார். பிறகுதான் தன்னுடையதைத் திருப்பினார். பெருவிரலின் அடியில் உடைந்த போத்தல் ஓடு ஒன்று, கட்டைவிரல் நகமளவு, நிமிர்ந்து நின்றது.

அந்தத் துண்டைப் பிடுங்கி, மஞ்சள் வைத்துத் துணியால் கட்டினார். அருந்ததி ஆசுப்பத்திரிக்குப் போகச் சொல்லி மூன்று நாள் நச்சரித்தார். "நோகேல்லையப்பா. நோகாத புண்ணுக்கு ஆர் போறது? அதோடை, காலைப் பெரிய டொக்டரே பாத்து எழுதித் தந்திருக்கிறார்" என்றார் அவர். பத்தாம் நாள் காய்ச்சலில் நடுங்கியவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று.

சிவகௌரி கேள்விப்பட்டவுடன் டொக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வாட்டுக்குப் போனாள். டொக்டர் கட்டிலருகே நின்றார். பேசத் தொடங்கினார்: "நீங்கள் இப்ப ஒரு கடினமான பயணத்திலை..."

"பயணமோ?" என்றார் மார்க்கண்டர். "டொக்டர், ஒண்டு கேக்கிறன். வாய்ப்பு எண்டு எழுதினியள். உந்த விரல் போகப் போகுது எண்டு அப்பவே தெரியுமோ?"

"போகக்கூடிய ஒரு... சாத்தியம் இருந்தது."

"பேந்து ஏன் அப்பிடி எழுதேல்லை?"

"நேரை எழுதினால் உங்கடை மனம் நோகும் எண்டு..."

மார்க்கண்டர் கோபப்படவில்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ள முயல்கிறவர்போலக் கேட்டார்: "மனம் நொந்தால் இரண்டு நாளிலை ஆறும். விரல் முளைக்குமோ, டொக்டர்?"

அருட்பிரகாசம் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். ஆய்வு தொடங்கி ஒரு வருடத்தில், பங்குபற்றுநர் ஒருவரின் காலை அவர் கிட்ட நின்று பார்த்தது அதுதான் முதற்தடவை. அவர் முகம் வெளிறியதைச் சிவகௌரி கண்டாள். பாவமாகவும் இருந்தது. ஆனால் அவளுக்குப் பாவம் பார்க்க நேரமில்லை.

"டொக்டர், இன்னும் முப்பத்தெட்டுப் பேரின்ரை வீட்டிலை அந்தக் கடிதம் கிடக்கு" என்றாள், வெளி விறாந்தையில்.

"தெரியும். திருத்திய வடிவம் ஒண்டு போடுவம். வாற மாதம் பதினாலாந் திகதி குழு கூடுது."

"பதினாலாந் திகதி வரைக்கும் அவை தோட்டத்துக்கை இறங்காமல் இருப்பினமோ?"

"குழு கூடாமல் என்னாலை கையெழுத்து வைக்கேலாது, தங்கச்சி."

"நீங்கள் வையாதேங்கோ."

அவள் வீட்டுக்குப் போய், கொப்பித் தாளைப் பாதியாகக் கிழித்து, முப்பத்தெட்டுத் துண்டு எழுதினாள். *உங்கடை கால் விறைச்சுப் போச்சு. வெட்டினாலும் தெரியாது. கவனியாமல் விட்டால் காலை எடுக்க வேண்டி வரும். செருப்பில்லாமல் நடக்காதேங்கோ. திங்கக்கிழமை காலமை கட்டாயம் வாங்கோ.* கீழே தன் பெயரும் தொலைபேசி இலக்கமும். இரண்டு நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஸ்கூட்டியில் போய், படலையைத் தட்டி, கையில் கொடுத்து, வாசித்தும் காட்டினாள். சிலர் ஏசினார்கள். ஒரு அம்மா அழுதார். "இவ்வளவு நாளும் ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்று ஒருவர் கேட்டார். அவள் துண்டை இன்னொருமுறை வாசித்துக் காட்டினாள்.

திங்கட்கிழமை முப்பத்துநான்கு பேர் வந்தார்கள். மற்ற நாலு பேரையும் பின்னேரம் அவளே போய் ஏற்றி வந்தாள். இரண்டு பேரின் காலில் புண் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. ஒருவர் அதைத் தேமல் என்று நினைத்திருந்தார். இரண்டு காலும் தப்பின. ஒருவருக்கும் மனம் நோகவில்லையா? நொந்தது. நொந்த மனத்தோடு, புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு, முப்பத்தெட்டுப் பேரும் எழுபத்தாறு காலில் வீட்டுக்கு நடந்து போனார்கள்.

டொக்டர் என்ன செய்தார் என்று அறிய ஆவலாயிருப்பீர்கள். திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மூன்று நாள் திருந்தியும் இருந்தார். நாலாம் நாள் இதை எழுதினால் அருமையான கட்டுரை ஆகுமே என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. 'எளிய மொழித் தொடர்பாடலின் தாக்கம்' என்று தலைப்பு. முதல் பெயர் அவருடையது. மார்க்கண்டர் 'எதிர்பாராத பாத விளைவொன்றை அனுபவித்த பங்குபற்றுநர்' என்று மிகக் கண்ணியமாக அதில் வருகிறார். சிவகௌரி வரவில்லை. பெயரைப் போடுவது அவளுடைய தனியுரிமையை மீறுவதாகும் என்று டொக்டர் கருதினார்.

கட்டுரைக்கு நல்ல வரவேற்பு. மாநாடு ஒன்றில் வாசிக்க அழைப்பு வந்தது. மார்க்கண்டரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தலாம் என்று டொக்டருக்குத் தோன்ற, வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அருந்ததிதான் கதைத்தார்.

"ஐயாவை எங்கடை மாநாட்டுக்கு அனுபவ வளவாளராய் அழைக்க விரும்புறம், அம்மா."

"எப்ப?"

"வாற புதன்கிழமை."

"அண்டைக்குத் தோட்டத்திலை வெங்காயம் கிண்டுறம், டொக்டர். அவருக்கு இப்ப கன நேரம் குந்தேலாது, வேலைக்கு ஆள் காணாது. உங்களுக்கு ஏலுமெண்டால் நீங்கள் வாங்கோவன்."

டொக்டர் போகவில்லை. பொன்னாடை வேறொருவருக்குப் போனது.

சரி. நீங்கள் டொக்டரும் இல்லை, ஆய்வும் செய்வதில்லை. இந்த இனத்துக்கும் உங்களுக்கும் ஒரு ஒட்டும் இல்லை என்ற நிம்மதியோடு பக்கத்தைத் திருப்பப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். போன மாதம் ஆசுப்பத்திரியில் கிடந்த உங்கள் பெரியப்பாவைப் பார்க்கப் போனீர்கள் அல்லவா? மற்றவர்கள் விலகிய நேரம் பார்த்து அவர் உங்கள் கையைப் பிடித்து, "எனக்கு என்னவாம்? நீயாவது சொல்லு" என்று கேட்டார். "ஒண்டுமில்லைப் பெரியப்பா, சும்மா ஒரு செக்கப்தான்" என்று மிக மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு, தோடம்பழப் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வெளியே வந்தீர்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததை நீங்கள் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். இன்னொரு தோடம்பழப் பையோடு உங்களுக்கு அடுத்ததாக உள்ளே போனவன் நான்தான். என்னிடமும் அவர் அதையே கேட்டார். எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.